யாரிடம் போய்க் கேட்பது? – கல்லூரி மாணவர் கேள்வி பதில்

குறுவை அறுவடை, சம்பா நடவு, முதல் இன்டர்னல் டெஸ்ட் மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து விழுகிற ஊர்கள் நம்முடையவை. இந்த முறை தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதி, 'இப்படி ஒரு உதவி இருப்பதே தெரியாமல் போய்விட்டது' என்ற ரகம். கல்லூரிக்குள் உதவி இருக்கிறது. ஆனால் அது வகுப்பு வாசலுக்கு வந்து யாரையும் கூப்பிடாது. கேட்க வேண்டிய இடமும் கேட்க வேண்டிய தேதியும் தெரிந்தால்தான் கைக்கு வரும்.

பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு மாணவி, திருவையாறு: பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தேன். துணைப்பாடமான கணிதத்தில் முதல் செமஸ்டரிலேயே அரியர். இன்டர்னல் 11, எக்ஸ்டர்னல் 24. வெளியே டியூஷன் சேரலாமா?

டியூஷனுக்குப் பணம் கட்டும் முன் மார்க்கைப் பிரித்துப் பாருங்கள். பல கல்லூரிகளில் இன்டர்னலில் 25க்கு 10, எக்ஸ்டர்னலில் 75க்கு 30, இரண்டும் சேர்த்து 40 என்பதுதான் தேர்ச்சிக் கணக்கு. உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் கணக்கு மாறலாம். கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குப்படி இன்டர்னலைத் தாண்டிவிட்டீர்கள். அரியர் எழுதும்போது பெரும்பாலும் பழைய இன்டர்னல் மார்க்கே தொடரும். ஆக உங்களுக்குக் குறைவது 6 மார்க். அதற்கு ஒரு வருஷ டியூஷன் எதற்கு?

அந்த 6 மார்க் எங்கே போனது என்று கண்டுபிடிக்க ஒரே வழி விடைத்தாளின் ஜெராக்ஸ். ரிசல்ட் வந்த கையோடு அதற்கும் மறுமதிப்பீட்டுக்கும் தேதி அறிவிப்பார்கள்; சில நாள்தான் இருக்கும், தவறவிட்டால் திறக்கமாட்டார்கள். நகல் வந்ததும் முதலில் கூட்டலைச் சரிபாருங்கள். திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா என்று பாருங்கள். அடுத்து, நீங்கள் எழுதாமல் விட்ட கேள்விகளை எண்ணுங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

எப்படி என்றால், 75 மார்க் வினாத்தாள் பல இடங்களில் இப்படி இருக்கும்: பகுதி அ-வில் இரண்டு மார்க் கேள்வி பத்து, பகுதி ஆ-வில் ஐந்து மார்க் கேள்வி ஐந்து, பகுதி இ-யில் பத்து மார்க் கேள்வி மூன்று. பகுதி இ-யில் ஐந்தில் மூன்று எழுதினால் போதும். இரண்டு யூனிட்டை விட்டாலும் தப்பிக்கலாம். பகுதி ஆ அப்படியில்லை. 'இது அல்லது அது' என்று இரண்டு கொடுத்திருந்தாலும் இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்து வரும். ஒரு யூனிட்டை முழுக்க விட்டால் அங்கே 5 மார்க்கும், பகுதி அ-வில் அந்த யூனிட்டின் 4 மார்க்கும் போச்சு. 'ரெண்டு யூனிட் நல்லாப் படிச்சா பாஸ்' என்று சீனியர்கள் சொல்வதை நம்பியவர்கள் 24, 26 என்று நிற்பதற்கு இதுதான் காரணம். ஐந்து யூனிட்டிலும் இரண்டு மார்க், ஐந்து மார்க் கேள்விகளைத் தேற்றுங்கள். பத்து மார்க்குக்கு மூன்று யூனிட்டை ஆழமாகவும், காபந்துக்கு இன்னொன்றை ஓரளவும் படியுங்கள்.

கணக்குத் தாளில் படிக்குத்தான் மார்க். பகுதித் தொகையிடலில் எதை 'யூ' என்றும் எதை 'டிவி' என்றும் எடுத்தீர்கள் என்ற ஒரு வரியை எழுதாமல் நேராக விடைக்குப் போனால், விடை பிசகும்போது அந்தக் கேள்விக்கு ஒன்றுமே தேறாது. வரி இருந்தால் இரண்டு மார்க்காவது நிற்கும்.

மொழிக்கு ஒரு வழி. பிளஸ் டூ கணிதப் பாடநூல் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் ஒரே பாடம், ஒரே வரிசை. இரண்டின் பிடிஎஃப்-பும் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்தில் பக்கமாகத் திறந்து வைத்து, வகையிடல் – டிஃபரன்சியேஷன், தொகையிடல் – இன்டக்ரேஷன், அணிக்கோவை – டிட்டர்மினன்ட் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, பெயர் தெரியவில்லை. எந்தெந்தப் பாடத்தைத் தமிழில் எழுத அனுமதி என்பதையும் தேர்வுப் பிரிவில் கேட்டு வையுங்கள்.

இதற்குமேல் வேண்டியது ரெமிடியல் வகுப்பு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் கல்லூரிகளில் மெதுவாகக் கற்போருக்கு என்ன செய்கிறார்கள் என்பதற்குப் பதிவேடு வைத்தாக வேண்டும். ஆகவே வகுப்பு இருக்கும், அல்லது கேட்டால் தொடங்குவார்கள். உங்கள் மென்டர், அதாவது உங்களுக்குப் பொறுப்பான வழிகாட்டி ஆசிரியர், யார் என்று துறையில் கேளுங்கள். தனியாகப் போகாமல், அதே தாளில் அரியர் வைத்த நாலைந்து பேராகச் சேர்ந்து, 'எங்களுக்கு மூன்றாவது யூனிட்டும் ஐந்தாவது யூனிட்டும் வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். 'கணக்கு புரியவில்லை சார்' என்று மொட்டையாகச் சொன்னால் அவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? மாலை வகுப்பு என்றால் பஸ் போய்விடும் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லி, காலையிலோ மதிய இடைவேளையிலோ கேளுங்கள்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்த காலத்தில் இப்படிக் கேட்க ஓர் இடம் இருந்ததில்லை. உங்களுக்கு இருக்கிறது.

பி.காம். இரண்டாமாண்டு மாணவர், நீடாமங்கலம்: சம்பா நடவுக்கு வீட்டில் ஆள் பற்றாக்குறை. பத்து நாள் போகவில்லை. ஏற்கெனவே காய்ச்சலில் ஒன்பது நாள் போயிற்று. ஹால் டிக்கெட் வருமா?

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும். 22 நாள்வரை விடலாம். நீங்கள் 19-ல் நிற்கிறீர்கள். மிச்சம் மூன்று நாள்தான். அதையும் மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

75-க்குக் கீழே, 65-க்கு மேலே என்றால் பல கல்லூரிகளில் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டொனேஷன் கட்டணம் கட்டி, காரணத்துக்குச் சான்று கொடுத்து எழுதலாம். 90 நாளில் 59 நாளாவது வந்திருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வை எழுத விடமாட்டார்கள். இன்னும் குறைந்தால் செமஸ்டரையே மறுபடி படிக்கச் சொல்வார்கள். காய்ச்சலுக்கான மருத்துவச் சான்று, திரும்பி வந்த வாரமே கொடுத்திருக்க வேண்டியது. செமஸ்டர் கடைசியில் நீட்டினால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நடவு நாளையும் காய்ச்சல் கணக்கில் சேர்த்து ஒரு சான்று வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம், மாட்டினால் கண்டொனேஷனும் கிடைக்காது.

கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, வருகைப்பதிவு காலை, மாலை என்று அரை அரை நாளாக ஏறும். முதல் பஸ்ஸைத் தவறவிட்டு இரண்டாம் பீரியடுக்கு வந்தால் அரை நாள் போயிருக்கும். 'நான் தினம் வந்தேனே' என்று செமஸ்டர் முடிவில் வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் இதில் விழுந்தவர்கள்தான். மாதம் ஒருமுறை பதிவேட்டில் உங்கள் சதவீதத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, மாவட்ட ஆட்சியர் மழை விடுமுறை அறிவித்தால் அது வேலை நாளே இல்லை, உங்கள் கணக்கைத் தொடாது. ஆனால் கல்லூரி நடந்து, உங்கள் ஊர்ச் சாலை மட்டும் மூழ்கிப் போனால் அது ஆப்சென்ட்தான். அன்றைக்கே வகுப்பு ஆசிரியருக்குத் தகவல் அனுப்பி, மறுநாள் கடிதம் கொடுங்கள்.

அடுத்த வருஷம் நடவுக்கு முன்பே வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நாற்று காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும். விடுப்பு தராவிட்டாலும், அந்த வாரத்து டெஸ்ட்டை மறுபடி வைக்கவாவது வாய்ப்பிருக்கும்.

பி.ஏ. தமிழ் முதலாண்டு மாணவி, வேதாரண்யம்: புதுமைப் பெண் திட்டத்தில் தோழிகளுக்கெல்லாம் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எனக்கு மட்டும் வரவில்லை. வங்கியில் 'ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது' என்கிறார்கள்.

ஆதார் லிங்க் வேறு, பணம் வருவதற்கான இணைப்பு வேறு. வங்கி தன் ஏட்டில் உங்கள் ஆதார் எண்ணைப் பதிந்திருப்பது லிங்க். அரசுப் பணம் ஆதார் எண்ணை வைத்து வரும்போது எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணம் கைமாற்றும் அமைப்பான என்பிசிஐ-யின் பட்டியலில் இருப்பது சீடிங். ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான் அந்தப் பட்டியலில் இருக்க முடியும். கடைசியாக எது சீடிங் ஆனதோ அதற்குத்தான் பணம் போகும். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த பழைய கணக்கோ, யாரோ வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கித் திறந்துகொடுத்த கணக்கோ இருந்தால், பணம் அங்கே சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கலாம்.

மை ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் பாருங்கள். வங்கியின் பெயரும் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். அதற்கு ஆதாரில் உங்கள் கைபேசி எண் இருக்க வேண்டும். வேறு வங்கி காட்டினால், இப்போதைய கிளையில் 'டிபிடி-க்காக என்பிசிஐ சீடிங்' (டிபிடி என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது) என்று வார்த்தை பிசகாமல் எழுதி விண்ணப்பம் கொடுத்து, முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள்.

சீடிங் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் சிக்கல் கல்லூரிப் பக்கம். திட்டத்துக்கென்று ஒரு நோடல் ஆசிரியர் இருப்பார். கல்லூரி மாணவர் விவரங்களுக்கான யூமிஸ் தளத்தில் உங்கள் பதிவையும், பள்ளியில் தந்த மாணவர் எண்ணான எமிஸ் எண்ணையும் அவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தது அந்த எண் வழியாகத்தான் உறுதியாகிறது. (அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் 2024 முதல் உண்டு.) நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் பெரிய வில்லன்: ஆதாரில் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பாஸ்புக்கில் விரித்து எழுதிய அப்பா பெயர். மூன்றையும் ஒரே மாதிரி ஆக்குங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி மற்றதை மாற்றுவதுதான் சுலபம்.

வேறு உதவித்தொகை வாங்குவதால் இது நிற்காது. புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயரில் வரும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேறு உதவித்தொகையோடு இதையும் வாங்கலாம் என்பது அங்கேயே பலருக்குத் தெரியவில்லை என்று ஒரு கடிதம் வந்திருப்பதால் சொல்கிறோம். பையன்களுக்கு இதே தொகை 2024 ஆகஸ்டிலிருந்து 'தமிழ்ப் புதல்வன்' என்ற பெயரில் வருகிறது.

எம்.எஸ்சி. விலங்கியல் மாணவி, பட்டுக்கோட்டை: பாடப்புத்தகம் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. என்ன செய்வது?

உங்கள் கல்லூரி நூலகரிடம் போய் 'என்-லிஸ்ட் லாகின் வேண்டும்' என்று கேளுங்கள். கல்லூரி அதில் உறுப்பினராக இருந்தால், உங்கள் மின்னஞ்சலைப் பதிந்து பயனர் பெயர் தருவார். பிறகு வீட்டிலிருந்தே மின்நூல்களும் ஆய்விதழ்களும் படிக்கலாம். பல நூலகங்களில் சந்தா கட்டியபடி கிடக்கிறது, லாகின் கேட்டு வருபவர்தான் இல்லை. ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம் எல்லோருக்கும் இலவசம். ஆய்வேட்டுக்கு முன்னோடி ஆய்வுகள் பார்க்க, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளம். செமஸ்டர் முழுக்க வைத்துக்கொள்ளும் புக் பேங்க் உங்கள் நூலகத்தில் உண்டா என்றும் விசாரியுங்கள்; இருந்தால் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும்.

பி.சி.ஏ. மாணவர், மன்னார்குடி: ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் படிப்பு சேர்ந்தால் கிரெடிட் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா? தோற்றால் என்ன ஆகும்?

கிடைக்கும், உங்கள் கல்லூரி அந்தப் படிப்பை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருந்தால். முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய் நிற்காதீர்கள்; சேரும்போதே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். 4 வாரம் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3.

படிப்பது இலவசம், நேரில் போய் எழுதும் தேர்வுக்குத்தான் கட்டணம். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 தனித்தனியாக எடுக்க வேண்டும். 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டையும், 8 வாரத்தில் சிறந்த 6-ஐயும் சராசரி எடுப்பார்கள். இரண்டு, மூன்று வாரம் விட்டுப்போனால் பதறவேண்டாம் என்று பொருள். முதல் ஐந்து வாரத்தை விட்டுவிட்டுக் கடைசியில் பிடிக்கலாம் என்று பொருள் இல்லை.

பலரும் தவறவிடுவது தேர்வுப் பதிவு. படிப்பில் சேர்வது ஒரு பதிவு, தேர்வுக்கு வேறு பதிவு. 12 வாரமும் ஒழுங்காக அசைன்மென்ட் போட்டுவிட்டு, தேர்வுப் பதிவின் கடைசித் தேதியைத் தாண்டியவர்களுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. தேர்வு மையத்தையும் தேதியையும் பதியும்போதே, உங்கள் செமஸ்டர் தேர்வோடு மோதுகிறதா என்று பாருங்கள்.

பி.ஏ. வரலாறு மாணவர், திருத்துறைப்பூண்டி: எனக்குப் பார்வைக் குறைபாடு 75 சதவீதம். பெரிய எழுத்தில் சமாளித்து எழுதுகிறேன். நேரம் போதவில்லை.

40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று மணித் தேர்வு உங்களுக்கு நான்கு மணி. உதவி எழுத்தர் (ஸ்கிரைப்) வைத்துக்கொள்ளாமல் தானே எழுதுபவருக்கும் இது உண்டு. 'ஸ்கிரைப் வேண்டாம் என்றால் நேரமும் கிடையாது' என்று யாராவது சொன்னால் அது தவறு.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி அட்டை நகலோடு முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டும்போதே கொடுத்துவிட்டால் ஹால் டிக்கெட்டோடு உத்தரவு வரும். தேர்வு நாள் காலையில் கண்காணிப்பாளரிடம் போய் நின்றால் அவர் கையில் ஒன்றும் இல்லை. ஸ்கிரைப் வேண்டும் என்று முடிவுசெய்து நீங்களே ஒருவரை அழைத்துவந்தால், அவர் படிப்பு உங்களைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தேர்வுக்கு முன் அவரோடு இரண்டு பழைய வினாத்தாளையாவது சொல்லி எழுதிப் பழகுங்கள். மன்னர் பெயரையும் ஆண்டையும் அவர் பிழையாக எழுதினால் மார்க் போவது உங்களுக்குத்தான்.

படிப்பதற்கு என்விடிஏ என்ற இலவச மென்பொருள் கணினித் திரையைத் தமிழிலும் படித்துக் காட்டும். ஆனால் ஆசிரியர் தரும் நோட்ஸ் பாமினி எழுத்துருவில் இருந்தால், அது ஆங்கில எழுத்துகளாகக் கன்னாபின்னாவென்று ஒலிக்கும். கருவி கெட்டுவிட்டதாக நினைத்து விட்டுவிடாதீர்கள். எழுத்துரு மாற்றி வழியாக யூனிகோடாக்கினால் தெளிவாகப் படிக்கும். அடுத்த நோட்ஸிலிருந்து யூனிகோடில் தரச்சொல்லித் துறையில் கேளுங்கள்.

பெயர் வேண்டாம், தஞ்சாவூர்: இன்டர்னல் மார்க் எப்படிப் போட்டார்கள் என்று காட்ட மறுக்கிறார்கள்.

டெஸ்ட், அசைன்மென்ட், செமினார் என்று பிரித்துப் போட்ட பட்டியலில் மாணவரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. மார்க் நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாணவர் குறைதீர்க்கும் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிப்படி அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் முடிவு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு. திருத்தித் தந்த டெஸ்ட் பேப்பர்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான் இதெல்லாம் நிற்கும்.

ஒரு தாய், கும்பகோணம்: மகனுக்கு மூன்று அரியர். அறையை விட்டு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. அவன் அப்பா திட்டியபடி இருக்கிறார்.

அம்மா, மூன்று அரியர் அடுத்த தேர்விலேயே எழுதித் தீர்க்கக்கூடியது. முதலில் கவனிக்க வேண்டியது சாப்பிடாததையும் பேசாததையும்தான். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை; மகன் பேச மறுத்தால் நீங்களே அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம். 'இருந்து என்ன பயன்' என்பதுபோல ஒரு வார்த்தை சொன்னாலும் தனியாக விடாதீர்கள். மறுநாள்வரை காத்திருக்காமல் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். அவன் மென்டரிடம் நீங்கள் தனியாக ஒருமுறை பேசுங்கள். வகுப்பில் நடந்த ஏதாவது வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் பேச்சை அவன் அப்பா கொஞ்ச நாள் எடுக்காமல் இருக்கட்டும்.

பி.ஏ. இறுதியாண்டு மாணவி, சீர்காழி: டி.என்.பி.எஸ்.சி. பயிற்சிக்குத் திருச்சிக்குப் போய்த் தங்கிப் படிக்க வசதி இல்லை.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. வகுப்பு இலவசம், படிக்கப் புத்தகங்களும் இருக்கும். அறிவிப்பு வந்த பிறகு கூட்டம் அதிகமாகும், இப்போதே பதிந்துகொள்ளுங்கள். புகைப்படமும் ஆதார் நகலும் எடுத்துப்போனால் இரண்டாவது நடை மிச்சம்.